போலந்து இன்ஜின்

போலந்திலிருந்து வந்திருந்த பெரியவர் பழைய புகைப்படம் ஒன்றை அப்பாவின் கையில் கொடுத்தபோது, மரக்காணத்தில் எங்கள் தெருவே வாசலில் கூடி எட்டிப் பார்த்தது. குண்டு மூக்கும் அதன் நடுவே நட்சத்திரமுமாக ஒரு நீராவி இன்ஜின். உலகப் போர் முடிந்த பிறகு போலந்தில் செய்து, நம் எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்கக் கப்பலில் அனுப்பிய வகை. அந்தத் தொழிற்சாலையில் பெரியவரின் தகப்பனார் பாய்லர் கட்டியவராம்.

குயிலாப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் விடுதியில்தான் அவர் தங்கியிருந்தார். பேச்சுவாக்கில் அவர் இதைச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அப்பா ஓட்டிய இன்ஜின் என்று சொல்லிவிட்டேன். ஜோலார்பேட்டையில் வேலை பார்த்த அப்பா லீவில் வரும்போதெல்லாம் அந்த இன்ஜினைப் பற்றித்தான் பேசுவார். டிரைவர் மகள் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொல்லித் திரிந்தேன். தெருவும் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டது. அவர் மறுத்ததே இல்லை.

வெள்ளைக்காரரை அழைத்து வருகிறேன் என்று அப்பாவிடம் போனில் சொன்னபோது, "வேணாம்மா, காய்ச்சலா இருக்குது" என்றார். நான் கேட்கவில்லை.

படத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். எவ்வளவு வேகம் வரை ஓட்டியிருக்கிறார் என்று பெரியவர் கேட்டார். நான் பெருமையோடு அதைத் தமிழில் சொன்னேன். அப்பா படத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"நான் ஓட்டலம்மா. வண்டி ஷெட்டுக்கு வந்தா அடியில பூந்து சாம்பல் வாருவேன். அதான் என் வேலை."

"அப்போ டிரைவர்னு சொன்னது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். யாரோ சிரித்தார்கள். அப்பா என்ன சொன்னார் என்று பெரியவர் என்னைப் பார்த்தார்.

"சொல்லும்மா. உள்ளதைச் சொல்லு" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

சொன்னேன். பெரியவர் தலையசைத்துவிட்டு, சாம்பல் அள்ளியதைப் பற்றி ஏதோ கேட்டார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெரியவரைக் காரில் அனுப்பிவிட்டு நான் சாயங்காலம் வரை இருந்தேன். பஸ் ஏற்றிவிட அப்பாவும் வந்தார். உப்பளங்களை ஒட்டிய சாலையில் இருவரும் நடந்தோம். எனக்கு ஒரே கவலைதான். டிரைவர் வீட்டுப் பெண் என்று என்னைக் கட்டியவரிடம் இதை எப்படிச் சொல்வது?

"அப்பா, இது அவருக்குத் தெரிய வேணாம்பா" என்றேன்.

அப்பா நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளைக்குத் தெரியும்மா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தனியா கூப்ட்டு சொல்லிட்டேன். பரவால்லங்க மாமான்னுட்டாரு." மறுபடி நடந்துகொண்டே, "உங்கிட்டதான் சொல்ல வாய் வரல" என்றார்.

பஸ் வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமலே ஏறிக்கொண்டேன்.