ஜெயராணி என்பதே அவர் பெயர்

சுங்கை காடுட் தொழிற்சாலையில் காலை இடைவேளைக்கு மணி அடித்து நாங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்த நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. கொழுந்தனார் சேவியர்.

“அண்ணி, ஜெயா போயிட்டா.”

“எங்கே?” என்று கேட்டுவிட்டேன். எங்கும் போக விடப்படாத ஒரு பெண்ணைப் பற்றிப் ‘போயிட்டா’ என்று சொன்னால் வேறென்ன கேட்பது? அவர் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. விடுப்புக் கேட்கப் போனபோது, யார் இறந்தது என்று மலாய்க்கார சூப்பர்வைசர் “சியாப்பா?” என்றார். “அடெக்” என்றேன். தங்கை. ஓரகத்திக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தங்கை என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜெயராணி அவர்களை நம் சபையில் பலர் ‘சேவியர் வீட்டு இந்தியாப் பொண்ணு’ என்றுதான் அறிவார்கள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வரலாற்றில் பட்டம் வாங்கி, அரசுப் பணித் தேர்வுக்குப் படித்து, முதல்நிலைத் தேர்வில் தேறியவர். முதன்மைத் தேர்வுக்குக் காத்திருந்த சமயத்தில் என் மாமியார் பெண் கேட்டுப் போனார். பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டதாம்.

“பரீட்சை எழுத அனுப்புவீங்களா?”

“அதுக்கென்னம்மா, பிளேன் ஏறினா நாலு மணி நேரம்லா” என்று மாமியார் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்த வாக்கை நம்பித்தான் ஜெயராணி மலேசியாவில் லுக்குட் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வந்தார்.

தேர்வு நாள் நெருங்கியது. விசாவைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறது, இப்போது எடுக்க முடியாது என்று மாமியார் சொன்னார். தேர்வு முடிந்து வெகுநாள் கழித்து, அலமாரியில் மாமியாரின் சேலைகளை அடுக்கும்போது அந்தப் பாஸ்போர்ட் ஜெயராணியின் கைக்குத் தட்டுப்பட்டது. அது வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. அன்று பஸ் பிடித்து ரஹாங்கில் என் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டில் நின்றபடியே இதைச் சொன்னார்.

“சேவியருக்குத் தெரியுமா?” என்றேன்.

“நான் கேக்கலக்கா.”

“ஏன் கேக்கல?”

“தெரியும்னு சொல்லிட்டா நான் எங்க போறது?”

கடைசிவரை அவர் கேட்கவில்லை.

அவருடைய விசாவில் வேலைக்குப் போகக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தது. வீட்டில் இருந்தார். ஊரில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சித்தி மகள் ஒருத்திக்காக அன்றாட நடப்புச் செய்திகளைக் குரலில் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்பத் தொடங்கினார். அவள் தோழிகளுக்கு அனுப்பினாள். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். லயத்தில் சேவல்களும் மோட்டார் சைக்கிள்களும் விடியுமுன்பே எழுந்துவிடும். அதனால் சேவியரின் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசுவார். ஒருமுறை நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகிய செம்பனைப் பழ வாடையில் எனக்குக் குமட்டியது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

“நண்பர்களே, பாலம் திறந்தாங்கன்னு செய்தி வந்தா, திறந்தவர் பேரை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடாதீங்க. பாலம் எந்த ஆத்து மேல? அந்த ஆறு எங்க பிறக்குது? எந்தெந்த மாநிலம் வழியா ஓடுது? செய்தியைப் படிக்கிறவன் ஊர்ல நிறையப் பேர். செய்திக்குள்ள இருக்கிற கேள்வியைப் பாக்கிறவன்தான் பாஸ் பண்ணுவான்.”

தோட்டத்தில் கேலி செய்தார்கள். “நம்ம பைப்புல தண்ணி வரல, இவ இந்தியாவுல எந்த டேம் எந்த ஆத்துலன்னு கத்திக்கிட்டிருக்கா” என்று தோட்டத்து மேஸ்திரி மண்டோரின் மனைவி சொல்லாத நாளில்லை. ஜெயராணி சிரித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்.

பிறகு மதுரையில் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர் அவரைத் தேடிப் பிடித்தார். அந்தக் குரல் அவர்களுடைய செயலியில் ஏறியது. ‘யாழினி மேடம்’ என்று பெயர் வைத்தார்கள். பாடத்துக்குக் கேட்க இனிமையான பெயர் வேண்டும் என்றாராம் மையத்துக்காரர். ஜெயராணி என்ற பெயரில் என்ன கசப்பைக் கண்டார் என்று தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து நம் சபையிலிருந்து வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை போனோம். அதே சமயத்தில் அந்த மையத்தில் தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பாராட்டு விழா. மையத்துக்காரர் அழைத்திருந்தார். நாங்கள் இருவர் மட்டும் குழுவை விட்டு மதுரைக்குப் போனோம். லுக்குட்டில் வாங்கிய நீலப் பட்டு ஒன்றை ஜெயராணி கட்டிக்கொண்டார். கல்யாண மண்டபம் நிறையப் பிள்ளைகள், பெற்றோர்கள். “இப்போது யாழினி மேடம் பேசுவார்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜெயராணி பாதி எழுந்துவிட்டார். மேடையில் வேறொரு இளம்பெண் ஏறி ஒலிவாங்கி முன் நின்று வணக்கம் சொன்னார். தொண்டை கட்டியிருக்கிறது என்று நாலே வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தார். மண்டபம் அதிரக் கை தட்டியது.

மையத்துக்காரர் எங்கள் வரிசைக்கு வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார். “தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். பிள்ளைங்களுக்கு ஒரு முகம் வேணும். நீங்க மலேசியாவுல இருக்கீங்க.”

நான் எழுந்து சத்தம் போட்டிருப்பேன். ஜெயராணி என் கையை அழுத்திப் பிடித்திருந்தார்.

பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவரிடம் ஜெயராணி, “அண்ணே, கொஞ்சம் ரசம் ஊத்துங்க” என்றார். எதிர்ப்பந்தியில் இருந்த பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு எங்களிடம் வந்தாள்.

“மேடம், நீங்கதானே யாழினி மேடம்?”

“இல்லம்மா. நான் மலேசியாவுல இருந்து வந்திருக்கேன்.”

“எனக்குத் தெரியும் மேடம். ஆடு மேய்க்கிறப்பவும் உங்க குரலைத்தான் கேட்டுக்கிட்டிருப்பேன். எங்க அம்மா குரல்கூட எனக்குக் குழம்பும், உங்க குரல் குழம்பாது. எனக்கு வேலை கிடைச்சிருக்கு மேடம்.”

“நல்லா இரும்மா. ஆனா அது நான் இல்ல. குரல் ஒரே மாதிரி இருக்கும் சில பேருக்கு.”

அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி தன் இலைக்குப் போனாள். அதன் பிறகு ஜெயராணி ரசத்தைத் தொடவில்லை.

“சொல்ல வேண்டியதுதானேம்மா? ஏன் மறைச்ச?” என்று பஸ்ஸில் சண்டை பிடித்தேன்.

“என்னன்னு சொல்லக்கா? அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு நல்ல நாள். இத்தனை நாள் உன்னை ஏமாத்தினாங்கன்னு இன்னைக்கா சொல்லணும்? சொன்னா கை தட்டுவா. தட்டி முடிச்சதும் அவ வேலைக்குப் போவா, நான் லயத்துக்குப் போவேன்.”

ஊர் திரும்பியதும், இனிமேல் தன் பெயரில்தான் பாடம் வர வேண்டும் என்று மையத்துக்காரருக்கு எழுதினார். பார்க்கலாம் சிஸ்டர் என்று பதில் வந்தது. அந்த வாரமே மையத்தின் கைப்பேசிக் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். பழைய பாடங்கள் அப்படியே இருந்தன.

அதற்குப் பிறகு அவர் இந்தியச் செய்திகளைத் தொடவில்லை. இந்த நாட்டில் நிரந்தர வசிப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மலாயில் நேர்முகம் இருக்கும், நாட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவருக்கு அது போதும். மலாய்ச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து, மாநிலங்கள், சுல்தான்கள், அமைச்சர்கள், ஆறுகள் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார். “அந்த நாட்டுக்குப் படிச்சேன், எழுத விடல. இந்த நாட்டுல எழுதவே வேணாமாம், பேசினா போதுமாம். பாருங்கக்கா என் யோகத்தை” என்று சிரித்தார். நேர்முகத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன் என்று மகிழ்ச்சியாக வந்தார். நீண்ட காலம் கழித்து நிராகரிப்பு வந்தது. காரணம் சொல்லப்படவில்லை.

“ஃபெயில்னு சொன்னாலாவது எந்தக் கேள்வியிலன்னு கேக்கலாம்” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

கருப்பையில் கட்டி என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. வலி முன்பே இருந்திருக்கிறது. வெளிநாட்டவருக்குச் சிகிச்சைக் கட்டணம் அதிகம் என்று யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்திருக்கிறார். மருமகளாய் வந்து, சமைத்து, மாமனார் பாயில் கிடந்த காலமெல்லாம் அவருக்குப் பணிவிடை செய்து, இங்கேயே நரை கண்டவர் எந்தக் கணக்கில் வெளிநாட்டவர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியாக நான் போனபோது, “பேப்பர் வாங்கிட்டு வந்தீங்களா?” என்று கேட்டார். தமிழ்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “இதுல கேக்கிற மாதிரி ஒண்ணுமில்லக்கா. மடிச்சு வச்சிடுங்க” என்றார். மறுநாள் காலையில்தான் சேவியர் அழைத்தார்.

மையத்துக்காரருக்கு நான்தான் தகவல் அனுப்பினேன். கூப்பிய கைகளின் படம் ஒன்று வந்தது. அதன் கீழே, “தயவுசெய்து மாணவர் குழுக்களில் போட வேண்டாம் சிஸ்டர். தேர்வு நேரம், பிள்ளைங்க மனசு கலங்கிடும்” என்று எழுதியிருந்தார். அதனால்தான் இங்கே, நம் சபை மலரில் எழுதுகிறேன். கலங்கட்டும். அவருடைய குரலைக் கேட்டு வேலைக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குப் பாடம் சொன்னவர் பெயர் ஜெயராணி.

அடக்கத்தன்று மாமியார் பெட்டியின் மேல் விழுந்து, “மகளா வச்சிருந்தேனே” என்று அழுதார். அந்தச் சத்தத்தில் நிற்க முடியாமல் நான் வெளியே வந்தேன். லுக்குட்டில் மோட்டார் சைக்கிள்களுக்கு எண் பலகை எழுதுகிற ஆள், மரச் சிலுவையை முழங்காலில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பெயரை எழுதி முடித்திருந்தார்.

“கீழ என்ன போடட்டும்? சேவியரின் மனைவின்னு சொன்னாங்க.”

“ஆசிரியைன்னு போடுங்க.”

பின்னாலிருந்து சேவியர் கேட்டார். “அவ எங்க டீச்சர் வேலை பார்த்தா, அண்ணி?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுதுகிறவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தூரிகையைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்தார்.

சாயம் காய்வதற்குள் தூறல் விழுந்தது. மழையில் ‘ஆசிரியை’யின் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் இறங்கி ஒழுகியது. துடைக்க வேண்டாம் என்றேன். துடைத்தால் எல்லாம் போய்விடும் போலிருந்தது. அப்படியே கொண்டுபோய் செம்பனை மரங்களுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அவர் தலைமாட்டில் நட்டோம்.

போய் வா, ஜெயா. இந்தமுறை உன்னிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்.