மாமா முடிவுகட்டிய கேம் பெட்டி

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு எதைப் பற்றியும் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை. மழை வருமா, பரீட்சையில் யார் பெயிலாவார்கள், எந்தக் கடை மீ கோரெங் நூடுல்ஸில் எண்ணெய் அதிகம் என்று எதைக் கேட்டாலும் உடனே தீர்ப்பு கிடைக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில், டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளின் பாகங்களைப் பொருத்தும் வேலையில் இருந்தார். புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டி வந்ததும் அவர் தயவில்தான். பத்து வயதில் அந்தப் பெட்டியில் என்னை ஜெயிக்க எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஆளில்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாமா அறிவித்தார்.

“இந்தப் பொட்டிக்கெல்லாம் இன்னும் ஒரு வருஷம்தான்லா. இனிமே கம்ப்யூட்டர்தான். அதுல கணக்கும் போடலாம், கேமும் ஆடலாம். வெறும் கேமுக்குன்னு ஒரு பொட்டிய எவன் வாங்குவான்?”

செய்கிறவரே சொன்னால் யார் மறுப்பது? அதே வாரம் பங்குத் திருவிழாச் சந்தைக்கு வீட்டுக்கு ஒரு பொருள் கேட்டிருந்தார்கள். குலுக்கலில் பரிசாக வைக்க. வேண்டாததைக் கொண்டுவரக் கூடாது, வீட்டில் ஆசையாக வைத்திருப்பதைத்தான் தர வேண்டும் என்பது எங்கள் சாமியாரின் கண்டிப்பு. அப்பா யோசித்தார். அவருக்கு வேண்டாதது, எனக்கு ஆசையானது. கணக்கு சரியாக வந்துவிட்டது.

“நல்லா ஓடறப்பவே குடுத்துடலாம்” என்றார். டிவி கெட்டுப்போகும் என்று பயந்துகொண்டிருந்த அம்மா பெட்டியைத் துடைத்தே கொடுத்தாள். நான் இரண்டு நாள் டிவி பக்கமே போகவில்லை. மாமாவை மட்டும் மனதாரச் சபித்தேன்.

சந்தையன்று பரிசு மேசையில் ஏழு கேம் பெட்டிகள் இருந்தன. தேநீர் குடித்த அத்தனை பேரும் மாமாவை நம்பியிருக்கிறார்கள்! சாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு எல்லாமே ஒன்றென்றால் சீட்டை யார் வாங்குவார்கள்? எனக்கு அங்கே வழி தெரிந்தது.

“ஃபாதர், குலுக்கல்ல வைக்காதீங்க. டிவில மாட்டி விடுங்க. ஒரு ஆட்டத்துக்கு ஒரு கூப்பன். சாயங்காலம் அவங்கவங்க பொட்டிய அவங்ககிட்டயே குடுத்துடலாம்.”

சாமியார் மாமாவைப் பார்த்தார். மாமா உடனே சட்டைக் கையை மடித்துவிட்டு ஒயர்களைப் பிரிக்க ஆரம்பித்தார். மறைக்கல்வி அறையில் இருந்தது ஒரு டிவி, பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவை மூன்று. அரைமணி நேரத்தில் வரிசை வடைக் கடையைத் தாண்டிவிட்டது. பாடகர் குழு அங்கிகளைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றது. அப்பா மூன்று முறை வரிசையில் வந்து மூன்று முறையும் என்னிடம் தோற்றார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

மாமா மட்டும் சாப்பிடவும் போகாமல் வரிசையோடே நடந்துகொண்டிருந்தார். ஆடி முடித்தவர்களிடமெல்லாம் “நல்லாருந்துச்சா? வீட்டுக்கு ஒண்ணு வாங்குவீங்களா?” என்று கேட்டார். வாங்குவோம் என்று சொன்னவர்களின் தோளைத் தட்டினார்.

மாலையில் அப்பா பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மாமா, நீங்க சொன்னது சுத்தமா தப்பாப் போச்சு!”

“தப்பாவே போகட்டும்லா” என்று மாமா வாய்விட்டுச் சிரித்தார். கண் கலங்கும்வரை சிரித்தார்.

தோல்வியை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொள்கிற மனிதரா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மாமாவின் கேம் பெட்டிப் பிரிவை மூடப்போவதாகத் தொழிற்சாலையில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே சொல்லிவிட்டார்கள் என்பது, அடுத்த வருடம் அவர் டாக்சி ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியவந்தது. மாமா சொன்னது பொய்யாக வேண்டும் என்று அன்று அந்தக் கூட்டத்திலேயே அதிகம் வேண்டிக்கொண்டது நானில்லை, அவர்தான்.