எதிர் ஃபிளாட்டின் நாற்காலிகள்

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்கு ஓர் இளம் உக்ரைன் பெண் தனியாகக் குடிவந்தாள். கூடவே ஏகப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்திறங்கின.

"ஒத்த ஆளுக்கு எதுக்குங்க இத்தனை? ஆளுக்கொரு கட்டில்னு பெட் ஸ்பேஸ் வாடகைக்கு விடப் போறா, பாருங்க" என்றாள் மனைவி.

ஆனால் யாரும் வரவில்லை, சத்தமும் இல்லை. அதுவே என் சந்தேகத்தை வளர்த்தது. வாட்ச்மேனிடம் சொல்லுமுன் வேவு பார்க்க, இனிப்பு கொடுக்கும் சாக்கில் கதவைத் தட்டினேன்.

உள்ளே அரைவட்டமாகக் காலி நாற்காலிகள். ஓபரா இசைக்குழுவைக் கையசைத்து நடத்துவதுதான் அவள் வேலையாம். ஊரில் விட்டுவந்த குழு உட்காரும் வரிசையிலேயே போட்டுவைத்து, இசையை மனதுக்குள் ஓட்டிப் பயிற்சி செய்கிறாளாம்.

உட்காரச் சொன்னாள். முன்வரிசை நாற்காலி ஒன்றை இழுத்தேன்.

"ப்ளீஸ், அது மட்டும் வேண்டாம். அதில் உட்காரும் வயலின்காரர் போர்முனையில் இருக்கிறார்."

இப்போதெல்லாம் எங்கே காலி நாற்காலியைக் கண்டாலும், யாராவது வருகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.