ஜீவாவின் இடது பக்க ஸ்பீக்கர்

ஜீவா போய்விட்டான். நேற்று காலை கிள்ளானில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்... ஹார்ட் அட்டாக்.

காலேஜ் நாள்களில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிளாட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அந்த வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில்தான் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு வந்த மெசேஜ் எல்லாம் அவன் ரூமில் உட்கார்ந்து பாட்டு கேட்டதைப் பற்றித்தான். என் ரூமிலும் ஒரு செட் இருந்தது, ஒருத்தன்கூட அதை எழுதவில்லை. செத்தவன் மேல் இன்னும் பொறாமைப்படுகிறேன், பாருங்கள்.

என்னுடையது புத்தம் புது மினி காம்போ, எல்லாம் சேர்ந்து கடையில் ஒரே செட்டாக வருவது. சனி ஞாயிறுகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி தூக்கிச் சம்பாதித்து வாங்கியது. வால்யூமை ஏற்றினால் நீல லைட் மேலும் கீழும் ஓடும்.

ஜீவா ஒரு செமஸ்டர் முழுக்க பஸ் ஏறாமல் காலேஜுக்கு நடந்தே போனான். மிச்சம் பிடித்ததில் பழைய சாமான் பாசாரில் ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு டிவிடி பிளேயர், யாரோ தூக்கிப் போட இருந்த இரண்டு ஸ்பீக்கர்கள்.

ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. புது வளையம் வாங்கி அவனே ஒட்டினான். பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தில் சிமெண்ட் கல் கேட்டு வாங்கி ஸ்டாண்டு போட்டான்.

"ஸ்பீக்கர் செவத்த ஒட்டி இருக்கக் கூடாதுலா மச்சான்." இப்படிச் சொல்லிவிட்டு, இடத்துக்காகக் கட்டிலை நிமிர்த்திச் சாய்த்து வைத்தான். வருஷம் முழுக்கத் தரையில்தான் படுத்தான்.

ஆனால் அந்தச் சத்தம்... கண்ணை மூடினால் பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நிற்பார். என் செட்டில் பாட்டு பெட்டியை விட்டு வெளியே வராது.

அவன் படித்தது அக்கவுண்டிங். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் என் அம்மா எங்கள் ஊர் பந்திங்கிலிருந்து வந்தார். முருகன் பாட்டு சிடி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். என் செட்டில் போட்டேன், ஒரு பாட்டு கேட்டார். பிறகு ஜீவா கூப்பிட்டான் என்று அவன் ரூமுக்குப் போனவர், சிடி முடியும்வரை திரும்பி வரவில்லை.

வந்து சொன்னார்: "அந்தப் பையன் செட்டுல சாமியே எதுத்தாப்புல நிக்கிற மாதிரி இருக்குப்பா. நீயும் அதுமாதிரி ஒண்ணு செய்யக் கூடாதா? நீதான எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற?"

மறுநாள் அவன் கிளாஸுக்குப் போயிருந்தான். நான் போகவில்லை.

ஸ்க்ரூட்ரைவரோடு அவன் ரூமுக்குப் போய், இடது பக்க ஸ்பீக்கரின் பின்தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாற்றிவிட்டு மூடினேன். பத்து நிமிஷ வேலை.

அப்படி மாற்றினால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், செத்துவிடும், பாடுகிறவர் நடுவில் நிற்க மாட்டார். தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் இரண்டும் நன்றாகவே பாடும். வெளியே பார்த்தால் வயர் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அன்று சாயந்திரமே ஜீவா கண்டுபிடித்துவிட்டான், ஏதோ சரியில்லை என்று. மற்ற இரண்டு பேரும், "நல்லாத்தான்டா இருக்கு" என்றார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தான். "மச்சான், நீ கேட்டுச் சொல்லு. நீ சொன்னா நான் நம்புறேன். என்னமோ கொறையுதுல்ல?"

உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டேன். "எனக்கு எல்லாம் சரியாத்தான் கேக்குது. ஒன் காதுலதான் ஏதோ கோளாறு."

ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கிள்ளான் வரை போனான். அங்கே ரிப்பேர் பார்க்கிறவர் தன் ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, எடுத்துப் போ என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு செட்டைப் போடுவதைக் குறைத்தான். பரீட்சை முடிந்ததும் ஆம்ப்ளிஃபையரை விற்றான். ஸ்பீக்கர் இரண்டையும் என் ரூமுக்குத் தூக்கி வந்தான்.

"நீயே வச்சுக்கோ மச்சான். எனக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கே வயரைச் சரி செய்து, என் செட்டில் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். நடுவில் வந்து நின்றார்கள், பாடுகிறவர்கள் எல்லோரும்... ஜீவா கதவைத் தட்டினால் ஆஃப் செய்துவிடுவேன்.

இன்று இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். அவன் மனைவியை இதற்கு முன் பார்த்ததில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "வீட்டுல பாட்டு நெறைய கேப்பானாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எங்க கேட்டாரு அண்ணே... ஒரு ரேடியோகூட வாங்கல. பிள்ளைங்க ஸ்பீக்கர் கேட்டா, 'அப்பாவுக்குக் காது சரியில்ல, நல்லது கெட்டது தெரியாது, நீங்களே பாத்து வாங்குங்க'ன்னு சொல்லுவாரு. காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தர் சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம். அந்த ஃப்ரெண்டு வந்திருக்காராண்ணே?"

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன்.

தங்கச்சி, இந்தப் பதிவை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். அந்த ஃப்ரெண்டு நான்தான். வந்திருந்தேன். பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் அப்பாவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை.

ஜீவா... நீ கேட்டது சரிதான்டா. அந்த வீட்டிலேயே நல்ல காது உன்னுடையதுதான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

போய் வா மச்சான்.