குழி விழாத அட்டை

யாராவது விசிட்டிங் கார்டு நீட்டினால், பெயரைப் படிப்பதற்கு முன்பே திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இடப்பள்ளியில் நான் வேலை பார்க்கும் கடையில் இதற்காக ஒருமுறை திட்டும் வாங்கியிருக்கிறேன். பெரியம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அவளுடைய நல்ல பழக்கம் ஒன்றுகூட எனக்கு ஒட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. மட்டாஞ்சேரியில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்து கோத்ததும் அவள்தான், காலால் மிதித்து டிரெடில் மெஷினை ஓட்டியதும் அவள்தான். கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ, எதுவானாலும் அவளுக்கு ஒரே சட்டம். அச்சு காகிதத்தைத் தொட வேண்டும், குத்தக் கூடாது. பின்பக்கத்தில் விரலுக்கு ஏதாவது தட்டுப்பட்டால் அந்த அட்டை குப்பைக்குப் போகும். அதில் அவளுக்கு அப்படியொரு கர்வம்.

அந்த அச்சகம் மூடியதும், டிசைன் படித்த ஒரு மலையாளிப் பெண் மெஷினையும் எழுத்துகளையும் வாங்கி பஜாரில் ஒரு பழைய அரிசிக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தாள். டிசைனர்களுக்கு கார்டும் லெட்டர் பேப்பரும் அடித்துக் கொடுப்பது அவள் தொழில். மெஷின் ஓட்ட பெரியம்மாவைக் கூப்பிட்டாள். முதல் ஆர்டர் நன்றாக வந்தால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. அம்மாவுக்கோ மூச்சிரைப்பு. அப்பா எங்களை விட்டுப் போய் நாளாகியிருந்தது. வீட்டில் உழைக்கத் தெம்புள்ளவள் பெரியம்மா ஒருத்திதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓண லீவு என்பதால் நானும் கூடவே போய், காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

முதல் கார்டைத் தடவிப் பார்த்ததுமே அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"இது போரா சேச்சி. நல்லா குழியணும். கண்ணை மூடித் தொட்டாலும் பேரு தெரியணும்."

"குழிஞ்சா அது பிழையில்லே மேடம்?"

"இப்ப எல்லாருக்கும் அதுதானே வேண்டியது."

அட்டைக்கு அடியில் சில தாள்கள் இருக்கும். பேக்கிங் என்பார்கள். அதைக் கூட்டினால் அழுத்தம் கூடும். பெரியம்மா கூட்டத்தான் செய்தாள், வெங்காயத் தோல் போல ஒரே ஒரு தாள். மறுபடியும் போரா, போதாதாம். இன்னொரு தாள். அதுவும் போரா. மூன்றாவது முறை அந்தப் பெண் கோபப்படவில்லை. நாளைக்கும் இப்படியென்றால் பெங்களூரிலிருந்து வேறு ஆளை வரவழைப்பதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்தத் தணிந்த குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பெரியம்மா எழுத்தைச் சட்டத்தில் முடுக்கி மெஷினில் வைத்துவிட்டு, கை கழுவுவதாகச் சொல்லிக் குழாயடிக்குப் போனாள். அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஒரு தாள் வைத்தால் போதவில்லை என்றால் நிறைய வைக்க வேண்டியதுதானே? இதற்கு ஏன் அழ வேண்டும்? பையிலிருந்த மலையாளக் காப்பி நோட்டில் இரண்டு தாளைக் கிழித்து, எட்டாக மடித்து, பேக்கிங்கின் அடியில் செருகினேன். பெரியம்மா வந்தாள், கனத்த அட்டையை வைத்தாள், மிதித்தாள்.

மெஷின் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. அட்டையில் பெயர் ஓட்டை விழுகிற அளவுக்குக் குழிந்திருந்தது. அடேயப்பா என்று குதிக்கப் பார்த்தேன். அதற்குள் பெரியம்மாவின் முகம் வெளிறிவிட்டது. எழுத்துகள் வரிசையாக நசுங்கிக் கிடந்தன.

பேக்கிங்கைத் தூக்கி, கோடு போட்ட அந்தத் தாள்மடிப்பை எடுத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் ஓடி வருவதற்குள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஐயோ, எந்தா சேச்சி இது! இந்த எழுத்து இனி எங்க கிட்டும்?"

"நான்தான் மேடம். குழியட்டும்னு கொஞ்சம் அதிகமா வச்சேன். தப்பாப் போச்சு."

ஓகோ, பெரியம்மாவும் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது, அதனால்தான் இந்த வினை என்று எனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவ்வளவு நிம்மதி! அன்று அந்த மெஷினில் அதிகமாக இருந்தது என் தாள் மட்டும்தான் என்பது உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

அதன் பிறகு பெரியம்மா எந்த மெஷினையும் தொடவில்லை. இறால் உரிக்கிற செம்மீன் ஷெட்டுக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் விரல் தோல் உரிந்து, கடைசிக் காலத்தில் சோறு பிசையக்கூட முடியாமல் எரிச்சல்பட்டாள். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தத் தாளைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாவி நான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட அன்றைய மத்தியானம்தான் என்னை அறுக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் முந்திக்கொண்டு ஓடியவள் நான். "அம்மா, பெரியம்மா எழுத்தையெல்லாம் நசுக்கிட்டாங்க. வேலை போச்சு" என்றேன். அம்மா இருமி இருமி அவளைத் திட்டினாள், இத்தனை வருஷம் என்னத்தைக் கற்றுக் கிழித்தாய் என்று. பெரியம்மா எனக்குச் சோறு போட்டு, மீனில் முள் எடுத்து வைத்தாள். திட்டு நிற்கக் காணோமே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. இன்னொரு துண்டு மீன் கேட்டேன். தன் தட்டுக்கு எடுத்து வைத்திருந்ததைத் தந்தாள்.