கண்ணாடிக்கு உள்ளிருந்து ஒரு ‘வேண்டாம்’

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது. சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. சரவணம்பட்டியில் என் மகள் படிக்கிற பள்ளியின் தாளாளர் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். இரண்டு வருடத்தில் நான் கேட்ட எதையும் அவர் மறுத்ததில்லை. எதையும் செய்ததும் இல்லை.

மகளுக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. இரைச்சலோ கூட்டமோ யாராவது தொட்டுக்கொண்டே இருப்பதோ தாங்க முடியாமல் போனால் தன் இடது மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். செல்லக் கடி இல்லை, ரத்தம் வருகிற கடி. அந்த இடத்தில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. அவளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்க ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். வால்பாறைக்காரி. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே என்னைத் திட்டத் தொடங்கிவிடுவாள். “பாப்பா கடிக்கறது ஸ்கூல்ல. நான் வீட்ல உக்காந்து என்ன பண்றது மேடம்? ஸ்கூலுக்குள்ள விடச் சொல்லுங்க” என்றாள். அந்த அனுமதிக்காகத்தான் நான் தாளாளர் அறைக்கு நடையாய் நடந்தேன்.

“ஏனுங்க, உங்க கொழந்த வேற எங்க கொழந்த வேறயா? அப்புறம் பாக்கலாங்க” என்பார். உடனே காபி வரும். காபியைக் குறை சொல்ல மாட்டேன், நுரை ததும்ப நன்றாகவே இருக்கும். ஆனால் ‘அப்புறம் பாக்கலாங்க’ என்றால் எங்கள் ஊரில் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டுப் போனால், பெண் வீட்டார் மறுநாளே தரகருக்குப் போன் போட்டுவிடுவார்கள். அவ்வளவு தெரிந்த என் கணவரோ, “செரிங்க, பாத்துச் செய்யுங்க” என்று கும்பிட்டுவிட்டு எழுந்து வருவார். அவர் பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர். நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் நிற்பதாலோ என்னவோ, வெளியே வந்தால் குரலே உயராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஒருக்கா மேசையத் தட்டிக் கேக்கறதுக்கு என்ன?” என்பேன். அதற்கும் அவர் “செரி” என்பார்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. என் கண்ணீரால் கிடைத்தது என்று யாரும் உருக வேண்டாம். அதே சாலையில் இன்னொரு பள்ளி, ‘சிறப்புக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு’ என்று பெரிய பலகை வைத்தது. ஐடி கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரே மாதத்தில் எங்கள் தாளாளருக்கு ஞானம் பிறந்தது. வரவேற்பறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை தயாரானது. மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே வண்ண வண்ணப் பந்துகள், வானவில் ஒட்டிய சுவர், குட்டி நாற்காலி. சேர்க்கைக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தெரபிஸ்ட் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “ஜவுளிக்கடை ஷோகேஸ் மேடம் இது. பொம்மைக்குப் பதிலா நம்ம பாப்பா.” ஒரு திரையாவது போட்டுத் தாருங்கள் என்று தாளாளரிடம் கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். காபி வந்தது.

அந்த ஷோகேசுக்குள்தான் தெரபிஸ்ட் வேலையைத் தொடங்கினாள். உள்ளங்கை அளவில் ஓர் அட்டை. விரித்த கையின் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘வேண்டாம்’. மகளின் கழுத்தில் பட்டை போட்டு அதை மாட்டினாள். பிடிக்காதது எது நடந்தாலும் கடிப்பதற்கு முன்னால் அதைக் கழற்றி எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அந்த நொடியே நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு அட்டையை அவளிடமே திருப்பித் தர வேண்டும். பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. “வேண்டாம்னா நிறுத்துவாங்கன்னு மொதல்ல அவ நம்பணும். நம்பாட்டி எதுக்குக் குடுக்கப் போறா?” என்றாள்.

முதல் சில வாரங்கள் வீடு இரண்டுபட்டது. இட்லிக்கு வேண்டாம். குளிக்க வேண்டாம். தலை பின்ன வேண்டாம். நான் பாடினேன், அதற்கும் வேண்டாம். கையில் சீப்போடு அசடு வழிய நின்றேன். பார்க்க வந்த என் நாத்தனார், “பொட்டப் புள்ளைக்கு வேண்டாஞ் சொல்லவா காசு குடுத்துப் பழக்கறீங்க? நாளைக்குப் போற எடத்துல என்ன நெனப்பாங்க?” என்று கேட்டார். போகிற இடமாம். நாலு பேர் நடுவில் உட்கார முடியாத குழந்தைக்கு இவர் அதற்குள் சம்பந்தம் பேசுகிறார்.

ஆனால் மணிக்கட்டு ஆறியது. பக்குத் தானாக உதிர்ந்து அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. நானும் கணவரும் அவள் தூங்கும்போது அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அதுவரை வந்ததில்லை. அந்த அட்டை என் மகளுக்கு இருந்த ஒரே சொல்.

பள்ளிக்குத்தான் அந்தச் சொல் ஆகவில்லை. பாட்டு வகுப்பில் ஆசிரியைக்கு அட்டையைக் கொடுத்துவிட்டாளாம், எல்லாப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்களாம், ஆசிரியை மனம் புண்பட்டுவிட்டதாம். அந்த ஆசிரியை மைக்கில் பாடுவதை நானும் கேட்டிருக்கிறேன். என் மகள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன்.

பிறகு சேர்க்கைக் காலம் வந்தது. ஒருநாள் மகளைக் கூட்டிப்போக, கண்ணாடி அறையில் தெரபி முடியட்டும் என்று வரவேற்பறையில் காத்திருந்தேன். ஒரு குடும்பத்தைத் தாளாளரே சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி அறைக்கு முன்னால் நின்று, “இங்கதானுங்க ஸ்பெஷல் கொழந்தைகளுக்குத் தெரபி. எல்லாக் கொழந்தையும் நமக்கு ஒண்ணுதானுங்களே” என்றார். அந்த அப்பா செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். அவர்கள் பையன் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டினான். மிருகக்காட்சி சாலையில் குரங்குக் கூண்டைத் தட்டுவார்களே, அதே தட்டு. யாரும் தடுக்கவில்லை.

மகள் எழுந்தாள். அட்டையைக் கழற்றிக்கொண்டு நேராகக் கண்ணாடிக்கு வந்தாள். கொடுக்க வழியில்லை. கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.

அந்தப் பையனின் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். “வேண்டாம். ஏனுங்க, இந்த ஸ்கூலு வேண்டாங்குதா அந்தப் புள்ள?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தாளாளர் திரும்பி என்னைப் பார்த்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள். தெரபிஸ்டைக் கூப்பிடவில்லை. “அவங்க எதுக்குங்க, இது நம்ம குடும்ப விசயம்” என்றார் தாளாளர். வகுப்பிலிருந்து மகளைக் கூட்டி வந்தார்கள். அவள் கழுத்தில் அட்டை இல்லை. அது அவருடைய மேசைமேல் கிடந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க” என்று தொடங்கினார். “நம்மூர்ல யாரும் மொகத்துல அடிச்ச மாதிரி பேச மாட்டமுங்க. கொழந்தையும் அதத்தான பழகோணும்? அதுக்குத்தான் நாங்களே ஒண்ணு செஞ்சுபோட்டமுங்க.” இழுப்பறையைத் திறந்து புது அட்டையை எடுத்தார். பளபளவென்று இருந்தது. ஒரு மூலையில் பள்ளியின் சின்னம், நடுவில் சிரிக்கிற மஞ்சள் முகம். அதற்குக் கீழே ‘அப்புறம் பார்க்கலாங்க’.

இரண்டு வருடம் எனக்குக் கொடுத்த அல்வாவை அச்சடித்து என் பிள்ளை கழுத்திலேயே கட்டப் பார்க்கிறார். இதைத்தான் அவள் மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்குள் தெரபியைத் தொடர்வது சிரமம் என்றார். கணவர் அட்டையையே பார்த்தார். இவர் இப்போது ‘செரிங்க’ என்று சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

தாளாளருக்கு அதற்குள் அவசரம். எழுந்து வந்து அவரே மகளுக்கு அதை மாட்டினார். “எங்க அம்மணி, குடு பாக்கலாம்” என்று கன்னத்தைக் கிள்ளினார். அவள் தலையை இழுத்துக்கொண்டு அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு மகிழ்ந்து சிரித்தார். “பாத்தீங்களா, எத்தன மருவாதியா இருக்குது” என்று மறுபடியும் கிள்ளினார். அட்டை அவர் கையிலேயே இருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்தாள். அப்புறம் என்றுதானே எழுதியிருக்கிறது, நிறுத்த வேண்டிய அவசியம் அவருக்கு எங்கே? “செல்லம்” என்று மூன்றாவது தரம் கையைக் கொண்டுபோனார். “விடுங்க” என்று நான் எழுவதற்குள் அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள்.

புதுத் தோல். ஒரே கடியில் கிழிந்தது.

மேசைமேல் இருந்த பழைய அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். ரத்தம் வழியும் கையாலேயே அதை அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். விரலில் ஒட்டியதைப் பார்த்ததும் அவர் கை நின்றது. அந்தப் பள்ளியில் அந்த மனிதர் என் மகளுக்காக நிறுத்திய முதல் காரியம் அது.

நின்றது கைதான். வாய் நிற்கவில்லை. “இதத்தானுங்க சொல்றோம்” என்று நாற்காலிக்குத் திரும்பினார். “நம்ம ஸ்கூலு கொழந்தைக்குச் செட் ஆகுதான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. டிசி இன்னைக்கே போட்டுத் தரச் சொல்றேன். வாங்கிக்கறீங்களா?”

நான் மேசையைத் தட்டத் தயாராக இருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிவரியாக மனதில் ஓடியது. கணவர் கைக்குட்டையை அவள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், குரலும் உயராமல், சொன்னார்:

“அப்புறம் பாக்கலாங்க.”

தாளாளர் முகத்தில் ஈயாடவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தானே. காபித் தட்டோடு உள்ளே வந்த ஆயாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். கணவர் அவர் கையிலிருந்த பழைய அட்டையை வாங்கித் துடைத்து மகள் கழுத்தில் மாட்டினார். கும்பிட்டார். வந்துவிட்டோம்.

மகள் இன்றும் அங்கேதான் படிக்கிறாள். தெரபியும் நடக்கிறது, விளையாட்டுச் சாமான் அடுக்குகிற அறையில். ஜன்னல் இல்லை, எட்டிப் பார்க்க ஆளும் இல்லை, அவளுக்கு அது போதும். கண்ணாடி அறையில் இப்போது மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் காயத்தைக் கழுவி மருந்து போட உட்கார்ந்தேன். பஞ்சு பட்டதும் அவளுக்கு எரிந்தது. அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். போட்டுத்தான் ஆக வேண்டும், ஒரே நிமிடம், கண்ணு அல்லவா என்றெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பஞ்சைக் கீழே வைத்தேன். அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டு, மருந்தை மூடினேன்.