மெர்சி வகுப்பில் தமிழ் பேசிய நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில், முன்சீட்டுச் சிறுமி ஆங்கிலப் பாடத்தை ராகம்போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ராஜபாளையத்தில் படித்த ஆறாம் வகுப்பு நினைவுக்கு வந்துவிட்டது.

சேத்தூரில் தமிழில் படித்த என்னை அப்பா அங்கே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார். வகுப்பில் தமிழ் பேசக் கூடாது. எனக்கோ வேறு பேச்சு வராது. அறிவியல் டீச்சர் எது கேட்டாலும் வாயடைத்து நிற்பேன். ஒருநாள், என்னை ஐந்தாம் வகுப்புக்கே அனுப்பிவிடலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

பக்கத்தில் இருந்த மெர்சி எழுந்தாள். "மிஸ், அவளுக்கு எல்லாம் தெரியும். தமிழ்ல கேட்டுப் பாருங்க."

தமிழ் பேசியதற்காக அவளை வெளியே நிற்கச் சொன்னார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, "மழை எப்படிம்மா பெய்யுது?" என்றார்.

கடல் நீர் ஆவியாவதில் தொடங்கி, மேற்கு மலையில் மேகம் முட்டுவதுவரை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சரி, நீ இங்கேயே படி" என்றார், தமிழிலேயே.

மணி அடித்ததும் வெளியே ஓடினேன். "கால் வலிக்குதாட்டி?"

"வலிக்கத்தான் செய்யுது. ஏட்டி, ஒண்ணு விடாமச் சொல்லிட்டியே! ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு."

இப்போது நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் எனக்கு வேலை. நானாக வாய்திறந்து பேசிய முதல் ஆங்கில வார்த்தை, அன்று மெர்சியிடம் சொன்ன 'தேங்க்ஸ்'தான்.